மேலே ஒரு கட்டடம், கீழே ஒரு கட்டடம்

ஸ்ட்ரக்சுரல் டிசைன் அலுவலகங்களில் வேலை பார்க்கும் இளம் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

போன மாதம் பழைய நண்பர் ஒருவரின் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அவர் சைட்டுக்குப் போயிருந்தார். வேலையில் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாத ஒரு பெண் எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, தான் செய்துகொண்டிருந்த வேலையைத் திரையில் காட்டினார். சென்னைப் புறநகரில் ஸ்டில்ட் பிளஸ் ஐந்து. ஈடேப்ஸில் மாடல் அழகாக நின்றது. எந்த மெம்பரும் சிவக்கவில்லை.

"சுவரெல்லாம் எங்கேம்மா?" என்று கேட்டேன்.

"லோடாப் போட்டிருக்கேன் சார். ஒன்பது இன்ச் சுவருக்கு மீட்டருக்குப் பன்னிரண்டு கிலோநியூட்டன்."

எடைக் கணக்கு சரிதான். அந்தப் பெண்ணை நான் குறை சொல்லவில்லை. என் தொழில் வாழ்க்கையின் முதல் பாதி முழுக்க நானும் அப்படித்தான் செய்தேன். செங்கல் சுவரை எடையாக மட்டும் பார்த்தால் மாடலில் தெரிவது மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரியான தூண்-பீம் சட்டகம். சைட்டில் எழும்புவது வேறு. மேலே ஐந்து தளமும் ஒவ்வொரு கட்டத்திலும் செங்கல் அடைத்து, பெட்டி போல இறுகிப்போயிருக்கும். கீழே கார் நிற்பதற்காக வெறும் பில்லர்கள். விறைப்பான பெட்டி ஒன்றை மெல்லிய கால்களின் மேல் தூக்கி வைத்திருக்கிறோம். இரண்டு வெவ்வேறு கட்டமைப்பு முறைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு, ஒரே முறைதான் என்று டிசைன் பேசிஸ் ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்தும் போடுகிறோம்.

அந்தப் பெண்ணிடம் அன்று சொன்னதை உங்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதற்காகத்தான் இந்த மடல்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. கட்டடம் 18 மீட்டர் உயரம், நிலநடுக்க விசையின் திசையில் 16 மீட்டர் நீளம் என்று வையுங்கள். வெற்றுச் சட்டகம் என்று எடுத்தால் ஐஎஸ் 1893 சூத்திரப்படி அலைவு நேரம் 0.65 விநாடி. சுவர் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் 0.4 விநாடி. நடுத்தர மண்ணில் முதலாவதற்குக் கிடைக்கும் முடுக்கக் குணகம் 2.1 வாக்கில், இரண்டாவதற்கு 2.5. ஆக, சுவரை மறந்தவர் விசையையே குறைத்துக்கொண்டுதான் கணக்கைத் தொடங்குகிறார். அதுகூடப் பரவாயில்லை, இருபது சதவீத விவகாரம், கம்பியைக் கொஞ்சம் கூட்டிச் சமாளித்துவிடலாம். அந்த விசையால் வரும் அசைவு எந்தத் தளத்தில் போய்க் குவிகிறது என்பதுதான் சமாளிக்க முடியாதது.

சாதாரண மூன்றாம் மண்டலக் கட்டடத்தையே பாருங்கள். மண்டலக் காரணி 0.16, அதில் பாதி 0.08. அதை 2.5-ஆல் பெருக்கினால் 0.2. கட்டடத்தின் எடை 2,000 டன் என்றால், வளையாமல் முறியாமல் நிற்க வேண்டுமானால் 400 டன் பக்கவாட்டு விசையைத் தாங்க வேண்டும். ஆனால் டக்டைல் டீடெயிலிங் செய்த சட்டகம் என்பதால் ஆர் மதிப்பு 5 என்று எடுத்து, 80 டன்னுக்குத்தான் டிசைன் செய்கிறோம். மீதி 320 டன் தள்ளுபடி ஆகிவிட்டதாக நினைக்காதீர்கள். அது கடன். பீம் முனைகள் வளைந்து, கம்பிகள் இழுபட்டு, எல்லாத் தளமும் பங்கு போட்டு அந்தக் கடனை அடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் கோடு நமக்கு அந்த 5-ஐத் தருகிறது. மேலே ஐந்து தளமும் செங்கல்லால் இறுகி அசையாமல் நின்றால் பங்கு போட யார் இருக்கிறார்கள்? முழுக் கடனும் ஸ்டில்ட் பில்லர்களின் தலையில் விழும். மாடலில் ஆறு தளத்துக்கும் பிரிந்து தெரிந்த டிரிஃப்ட், களத்தில் ஒரே தளத்தில் வந்து உட்காரும்.

2001 ஜனவரி 26 காலையில் அகமதாபாத்தில் நடந்தது இதுதான். நிலநடுக்கத்தின் மையம் கட்ச் பகுதியில், பூஜ் நகருக்குக் கிழக்கே. அகமதாபாத் அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. அந்த ஊரும் மூன்றாம் மண்டலம்தான். அவ்வளவு தொலைவிலும் அடுக்குமாடிகள் விழுந்தன, நூற்றுக்கணக்கானோர் செத்துப்போனார்கள். அவற்றில் கீழ்த்தளத்தைக் கார் நிறுத்தத் திறந்துவிட்ட கட்டடங்கள் ஏராளம். அடுத்த வருடம் வந்த ஐஎஸ் 1893 பதிப்பு சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றியது. திறந்த தளத்தின் பில்லரையும் பீமையும் இரண்டரை மடங்கு விசைக்கு டிசைன் செய்யச் சொன்னது. 2016 பதிப்பு அந்த இரண்டரை மடங்கு வைத்தியத்தைக் கைவிட்டது. சும்மா பெருக்கிப் போட்டால் போதாது. ஷியர் வாலோ பிரேசிங்கோ வைத்து, திறந்த தளத்தின் விறைப்பை மேல்தளத்தின் விறைப்பில் 80 சதவீதத்துக்கு மேலும், வலிமையை 90 சதவீதத்துக்கு மேலும் கொண்டுவா என்றது. சுவரைக் குறுக்குச் சட்டமாக, அதாவது டயகனல் ஸ்ட்ரட்டாக, எப்படி மாடலில் வைப்பது என்பதற்கும் வழி சொன்னது. ஆக, "கோடில் இல்லை சார்" என்று யாரும் என்னிடம் சொல்ல முடியாது.

இரண்டு முறைகளை மேலும் கீழுமாகக் கலப்பதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. எது கீழே, எது மேலே என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் கலிஃபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலஸின் வடக்கு ஓரத்தில் சில்மார் என்ற பகுதியில் உள்ள ஆலிவ் வியூ மருத்துவமனை. ஒரே இடத்தில் இரண்டு முறை கட்டப்பட்டு, இரண்டு முறையும் நிலநடுக்கத்தைச் சந்தித்த கட்டடம். பரிசோதனைக் கூடத்தில்கூட இப்படி ஒரு சோதனையைத் திட்டமிட்டுச் செய்ய முடியாது.

முதல் கட்டடம் ஆறு மாடி. மேல் நான்கு தளங்களில் கான்கிரீட் ஷியர் வால்கள். கீழ் இரண்டு தளங்களில் அவை கிடையாது, தூண்கள் மட்டும். திறந்து ஓராண்டு கூட ஆகாத நிலையில் 1971 பிப்ரவரி 9 அன்று சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கம் வந்தது. மேல் நான்கு தளங்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. கீழ்த்தளத் தூண்கள் ஓரடிக்கு மேல் சாய்ந்தபடி நின்றன. படிக்கட்டுக் கோபுரங்கள் கட்டடத்தை விட்டுப் பிய்த்துக்கொண்டு விழுந்தன. பிறகு மொத்தத்தையும் இடிக்க வேண்டியதாயிற்று.

அந்தக் கட்டடத்தின் படங்களில் நீங்கள் தேடிப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. கீழ்த்தளத்தில் இரண்டு வகைத் தூண்கள் இருந்தன. ஒரு வகையில் நெருக்கமான சுருள் கம்பி. மூலைகளில் இருந்தவற்றில் நாம் போடுவது போல இடைவெளி விட்டுப் போட்ட ரிங்குகள். சுருள் கம்பித் தூண்களின் மேல் கான்கிரீட் உதிர்ந்துபோனது. உள்ளே இருந்த கான்கிரீட் கூண்டுக்குள் அப்படியே நின்று, கோணலாகி, மேலே இருந்த எடையைத் தாங்கியது. ரிங் போட்ட மூலைத் தூண்கள் பொடிப்பொடியாகி, வெறும் கம்பிகளாகக் கலைந்து நின்றன. ஒரே கட்டடம், ஒரே ஆட்டம். கட்டடம் தரையோடு தரையாகாமல் நின்றது அந்தச் சுருள் கம்பிகளின் தயவால்தான்.

அதே இடத்தில் 1980-களில் புது மருத்துவமனை எழுந்தது. இதுவும் ஆறு மாடிதான், இதிலும் இரண்டும் நான்குமாகப் பிரித்த கலப்புதான். ஆனால் இந்தத் தடவை கீழ் இரண்டு தளங்களில் கான்கிரீட் ஷியர் வால்கள். மேல் நான்கில் உருக்குத் தகட்டுச் சுவர்கள். 1994 ஜனவரி 17 அன்று நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம். அந்த வளாகத்தில் தரையின் முடுக்கம் புவியீர்ப்பில் ஏறத்தாழ 0.9 பங்கு பதிவாயிற்று. கூரையில் புவியீர்ப்பைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். நாம் சென்னையில் எடுக்கும் எண்களோடு ஒப்பிட்டால் தலை சுற்றும். எலும்புக்கூட்டுக்குச் சேதம் மிகக் குறைவு. ஆனாலும் தீயணைப்புக் குழாய்கள் உடைந்து, தண்ணீர் கொட்டி, நோயாளிகளை வெளியேற்ற வேண்டியிருந்தது. அது தனிக் கதை. குழாயையும் ஃபால்ஸ் சீலிங்கையும் யார் தாங்கிப் பிடிப்பது என்று நாம் கேட்பதே இல்லை.

அதே 1994 நிலநடுக்கத்தில், அதே லாஸ் ஏஞ்சலஸில், நார்த்ரிட்ஜ் மெடோஸ் என்ற மரச்சட்ட அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று கீழ்த்தளத்தின் மேல் உட்கார்ந்துவிட்டது. 16 பேர் இறந்தார்கள். அங்கேயும் கீழே கார் நிறுத்தம்.

சரியாக ஒரு வருடம் கழித்து, 1995 ஜனவரி 17 விடிகாலையில் ஜப்பானின் கோபே. அங்கே நகர மன்றத்தின் இரண்டாம் கட்டடம், 1957-இல் கட்டிய எட்டு மாடி, ஆறாம் தளத்தில் நசுங்கியது. ஜப்பானியர் தரைத்தளத்தையும் எண்ணுவார்கள். நம் கணக்கில் ஐந்தாவது மாடி. கீழ்த்தளங்கள் நன்றாக நின்றன, மேல்தளங்கள் முழுசாக இருந்தன, நடுவில் ஒரு தளத்தைக் காணோம். கீழே உருக்குச் சட்டம் பொதிந்த கான்கிரீட், மேலே சாதாரணக் கம்பிக் கான்கிரீட் என்று முறை மாறியது அந்த உயரத்தை ஒட்டித்தான். கோபேயில் இப்படி இடைத்தளம் நசுங்கிய நடுத்தர உயரக் கட்டடங்கள் பல. பிறகு அந்தக் கட்டடத்தின் மேல்பகுதியை அகற்றிவிட்டு, ஐந்து மாடியாகச் சரிசெய்து பல காலம் பயன்படுத்தினார்கள்.

இந்த உதாரணத்தை நான் விரும்பிச் சொல்வதற்குக் காரணம், ஸ்டில்ட் ஆபத்து என்று மனப்பாடம் செய்தவர்கள்கூட இதில் தடுமாறுவார்கள் என்பதுதான். கீழே விறைப்பு, மேலே நெகிழ்வு: வரிசை சரி. ஆனாலும் விழுந்தது. முறை கைமாறும் தளத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. மேல்தளங்களில் ஆட்டம் எவ்வளவு பெருகும் என்பதைப் பழைய ஜப்பானிய விதிகள் குறைத்து மதிப்பிட்டிருந்தன. 1981-இல் மாற்றினார்கள், இந்தக் கட்டடம் அதற்கு முந்தியது. தூக்குக் குண்டு கட்டிப் பார்ப்பது போல விறைப்பையும் வலிமையையும் தளம் தளமாகக் கீழிருந்து மேலே வரைந்து பாருங்கள். கோடு எங்கே சட்டென்று முறிகிறதோ, உங்கள் முழு நாள் வேலையும் அந்த இடத்தில்தான்.

அமெரிக்கர்கள் இப்போது கீழே ஒன்றிரண்டு தளம் கான்கிரீட், அதன் மேல் நாலைந்து தளம் மரச்சட்டம் என்று கட்டிக்கொண்டே போகிறார்கள். இதற்காக ஏஎஸ்சிஇ 7 விதிநூலில் ஒரு சலுகை உண்டு. கீழ்ப்பகுதியின் விறைப்பு மேல்பகுதியைப் போல் குறைந்தது 10 மடங்கு இருக்க வேண்டும். முழுக் கட்டடத்தின் அலைவு நேரம், மேல்பகுதியைத் தனியாகத் தரையில் வைத்தால் வரும் அலைவு நேரத்தில் 1.1 மடங்கைத் தாண்டக் கூடாது. இரண்டும் பொருந்தினால் இரண்டு தனிக் கட்டடமாகப் பாவித்துக் கணக்குப் போடலாம். மேல்பகுதியின் விசையைக் கீழே இறக்கும்போது ஆர் மதிப்புகளின் விகிதத்தால் பெருக்கித்தான் இறக்க வேண்டும். பொருந்தாவிட்டால் இன்னொரு கட்டுப்பாடு: மேலிருந்து கீழே வரவர ஆர் மதிப்பு கூடக் கூடாது. காரணம் எளிது. மேலே முரட்டுச் சுவரை வைத்துக்கொண்டு, கீழே "என் சட்டகம் நன்றாக வளையும்" என்று 5 கேட்டால் கிடைக்காது. கூரையில் சின்னதாக ஏதாவது கட்டினால், அது இரண்டு தளத்துக்கு மிகாமலும் மொத்த எடையில் 10 சதவீதத்துக்கு மிகாமலும் இருந்தால் விதிவிலக்கு. இது நம் கோடு இல்லை; ஆனால் நம் கோடு வாய் திறக்காத இடத்தில் யோசிக்க ஒரு நல்ல பிடி.

அப்படிப்பட்ட இடங்கள் நம்மிடம் நிறைய. அப்பா காலத்து லோடு பேரிங் வீடு. ஒன்பது அங்குலச் சுவர்தான் அஸ்திவாரம் வரை. அதன் மேல் மகன் பில்லர் போட்டு இரண்டு மாடி எழுப்புகிறார். மாடியின் பில்லர் கீழே சுவரின் மேல் வந்து உட்காருகிறது. மேலே 5, கீழே வெறும் செங்கல்லுக்கு 1.5 என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் மேஸ்திரி, "இதெல்லாம் நான் நாப்பது வருஷமாப் பண்றேன் தம்பி" என்பார். பண்ணியிருப்பார், உண்மைதான். அந்த நாற்பது வருடத்தில் அவர் ஊரில் நிலம் பலமாக ஆடவில்லை. ஆனால் 1900 பிப்ரவரியில் கோவையைக் குலுக்கிய நிலநடுக்கத்தின் அளவு ஏறத்தாழ 6. அன்று கோவையில் ஸ்டில்ட் கிடையாது.

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், பில்லருக்கு. வீட்டுக்காரருக்கும் ஆர்க்கிடெக்டுக்கும் பில்லர் சுவருக்குள் ஒளிந்துகொள்ள வேண்டும். ஹாலில் ஒரு மூலை துருத்தினால் ஃபோன் வரும். அதனால் எல்லா இடத்திலும் 230 மில்லிமீட்டர் அகலம். ஐஎஸ் 13920-இன் 2016 பதிப்பு 300-க்குக் குறையக் கூடாது என்கிறது. வெறும் 70 மில்லிமீட்டருக்கு ஏன் இவ்வளவு சண்டை என்று கேட்டால், விறைப்பு அகலத்தின் கனத்தைப் பொறுத்தது. 230-ஐ 300 ஆக்கினால் அந்தத் திசையில் இரண்டே கால் மடங்குக்குக் கிட்ட வருகிறது. ஸ்டில்ட்டில் பில்லர் ஒளிவதற்குச் சுவரே கிடையாது. அங்கேயும் 230 போடுவதற்கு என்ன நியாயம்?

அடுத்தது ரிங். சென்ட்ரிங் அடைக்கும் முன்பு பில்லரின் அடியிலும் தலையிலும் குனிந்து பாருங்கள். கொக்கி 90 டிகிரியில் முடிந்தால், மேல் கான்கிரீட் உதிர்ந்த மறுகணம் ரிங் வாயைத் திறந்துவிடும். 135 டிகிரி வளைத்து, நுனி குறைந்தது 65 மில்லிமீட்டர் பில்லரின் உள்ளே போக வேண்டும். ரிங் இடைவெளி அந்தப் பகுதியில் எந்தக் கணக்கிலும் 100-ஐத் தாண்டக் கூடாது. கம்பி கட்டுபவர் அலுத்துக்கொள்வார், ஏனென்றால் 135 வளைத்த ரிங்கை நெருக்கமாகக் கோப்பது உண்மையிலேயே கையைக் கிழிக்கும் வேலை. அவருக்குக் கூலியைக் கூட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள். சில்மாரின் மூலைத் தூண்களை அவருக்குக் காட்டுங்கள். நான் ஒருமுறை செல்போனில் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ரிங்கு பத்தல சார்" என்றார். எந்தப் பேராசிரியரும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

இப்போது என் பாவக்கணக்கு. 1998-இல் தென்சென்னையில் ஸ்டில்ட் பிளஸ் நான்கு ஒன்றை நான் டிசைன் செய்தேன். பில்லர் 230-க்கு 450. அப்போது சென்னை இரண்டாம் மண்டலம். காற்றும் எடையும் பார்த்தோம், நிலநடுக்கத்தைப் பேருக்குப் பார்த்தோம், சுவரை லோடாகப் போட்டோம். 2001 செப்டம்பர் 25 இரவு எட்டரை மணி வாக்கில் புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்கடியில் நிலம் அதிர்ந்தது, அளவு 5.5 வாக்கில். சென்னை முழுக்க உணர்ந்தது. மறுநாள் அந்தக் கட்டடத்துக்குப் போனேன். ஒரு விரிசல்கூட இல்லை. குடியிருந்தவர் ஒருவர் பெருமையாகச் சொன்னார்: "எல்லாரும் உடனே கீழே இறங்கி பார்க்கிங்ல வந்து நின்னுட்டோம் சார்." நான் போட்ட பில்லர்களுக்கு நடுவே, குழந்தைகளோடு.

அதற்குப் பிறகு கணக்கைத் திரும்பப் போட்டேன். தூங்க முடியவில்லை என்றெல்லாம் எழுத மாட்டேன், தூங்கினேன். ஆனால் சில வருடங்கள் கழித்து அசோசியேஷன் கூட்டத்துக்கு நானாகவே போய், வரைபடத்தை விரித்து, பில்லர்களுக்கு ஜாக்கெட்டிங் செய்யலாம், இரண்டு பக்கமும் சில கட்டங்களில் கான்கிரீட் சுவர் எழுப்பலாம் என்று விளக்கினேன். முதல் கேள்வி: "யாரோட பார்க்கிங் போகும்?" இரண்டு கார் இடம் போகும். எந்த இரண்டு என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். கடைசியில் செயலாளர், இப்போதைக்கு ஃபண்ட் பெயிண்டுக்குத்தான் இருக்கிறது என்றார். பெயிண்ட் நன்றாகத்தான் அடித்தார்கள். சான் பிரான்சிஸ்கோ 2013-லும் லாஸ் ஏஞ்சலஸ் 2015-லும் இப்படிப்பட்ட பழைய கட்டடங்களைப் பலப்படுத்தச் சட்டமே போட்டன. சொந்தக்காரர்கள் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள் என்று அவர்களும் காத்திருந்து பார்த்துக் களைத்திருப்பார்கள் போலும்.

கட்டி முடித்த பிறகு இவ்வளவு பாடு. உங்கள் மேசையில் இருப்பது இன்னும் காகிதம்தான். வாகன நிறுத்தத் தளத்தை எஃப்எஸ்ஐ கணக்கில் சேர்ப்பதில்லை என்பதால் ஸ்டில்ட் ஒழியப் போவதில்லை, ஒழியவும் வேண்டாம். லிஃப்ட்டையும் படிக்கட்டையும் சுற்றிக் கான்கிரீட் சுவர் வையுங்கள்; ஆனால் அது ஒரு மூலையில் இருந்தால் கட்டடம் முறுக்கிக்கொள்ளும், எதிர்ப்பக்கத்திலும் ஒன்று கேளுங்கள். ஆர்க்கிடெக்ட் முதல் ஸ்கெட்ச் போடும் அன்றைக்கே கேளுங்கள். பிளான் அப்ரூவல் வாங்கிய பிறகு கேட்டால் உங்களைத்தான் வில்லன் ஆக்குவார்கள். சுவரை ஸ்ட்ரட்டாக வைத்து ஒரு மாடல், வைக்காமல் ஒரு மாடல், இரண்டையும் ஓட்டுங்கள். சுவர் பின்னாளில் இடிக்கப்படலாம், விரிசல் விடலாம். இரண்டிலும் தேறினால் மட்டும் கையெழுத்து. முதலாளி அவசரப்படுத்தினால் இந்த மடலைக் காட்டுங்கள். என் வயதுக்கு என்னைத் திட்டிவிட்டுப் போகட்டும்.

அந்தப் பெண் போன வாரம் ஃபோன் செய்தார். சுவரை வைத்து ஓட்டியதில், ஸ்டில்ட்டின் விறைப்பு மேல்தளத்தில் பாதிகூட வரவில்லையாம். இரண்டு பக்கமும் சுவர் வேண்டும் என்று ஆர்க்கிடெக்டுக்கு மெயில் அனுப்பியிருக்கிறார். இன்னும் பதில் வரவில்லை.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்,
சென்னை